முப்பத்திரண்டு பேரில் அப்பா

ஆமாம் அக்கா, கேம்தான். நீங்கள் என் போனை எட்டிப் பார்த்தது தெரிந்தது, தப்பில்லை. ஆனால் இப்போது நான் விளையாடவில்லை. விளையாடியவர்கள் எழுதிய கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு விமர்சனம் எழுதுகிறார்களே, அது மாதிரி. இதோ, மேலிருந்து நாலாவது நான் எழுதியது. பதினாறு பேர் 'பயனுள்ளது' என்று அழுத்தியிருக்கிறார்கள். அவசரப்பட்டு எழுதவில்லை, நாலு தடவை திருத்தித்தான் போட்டேன்.

உங்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஸ்டாப் தெரியும் இல்லையா? வந்தால் சொல்லுங்கள். ஒரு மணிக்குள் அங்கே ஒரு தாள் கொடுக்க வேண்டும். இன்றைக்குக் கடைசி நாள். ஃபைலில் ஒன்றல்ல, இரண்டு தாள் இருக்கிறது. எதைக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. ராஜபாளையத்தில் ஏறியதிலிருந்து திறக்கிறேன், மூடுகிறேன். நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அப்பாவுடைய லைசென்ஸ் விஷயம். குருவையா என்று பெயர். எங்கள் பக்கம் மினிபஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் ஒரே தடம். தை மாதம் குளத்து வளைவில் வண்டி போகும்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சைக்கிளோடு குறுக்கே வந்துவிட்டது. அப்பா ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். வண்டி வயலில் சாய்ந்தது. பிள்ளைக்குச் சிராய்ப்புகூட இல்லை. வண்டியில் இருந்த பூக்காரம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. அப்பாவுக்கு வலது கால், முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது அப்பா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பிள்ளை குறுக்க வந்துச்சு. ஒடிச்சேன். பிள்ளை இருக்கு. வேற என்ன சார் வேணும்?" கால் இரத்தமாகக் கிடக்கிறது, குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கண்டக்டர் அண்ணனும் அதையேதான் சொன்னார். "பதினஞ்சு அடிதான் இருந்துச்சு. பிரேக்க நம்பியிருந்தா அந்தப் பிள்ளை டயருக்குள்ள." பூக்காரம்மா கட்டுப்போட்ட கையோடு வந்து அப்பா கட்டில் பக்கத்தில் நின்று, "ஒன்னய யாருய்யா குத்தம் சொல்லுவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மனிதர்தான் இப்போது, தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு தாளில் அது இருக்கிறது. இதைக் கொடுத்தால் லைசென்ஸ் போனது போனதுதான். எழுதிய கை என்னுடையது.

முதலிலிருந்து சொல்லட்டுமா? நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? சரி, அப்படியானால் நேரம் இருக்கிறது.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அதற்குச் சான்றிதழே இருக்கிறது, தாசில்தார் ஆபீஸில் கொடுத்தது. கம்பெனியில் வேலை கிடைத்தது, சேரச் சொல்லும் தேதி மட்டும் வரவில்லை. தேதி சொல்கிறோம் சொல்கிறோம் என்று பத்து மாதம். அம்மா மில்லில் ஸ்பின்னிங் பிரிவு. இரண்டு மணி ஷிப்டுக்கு அம்மா கிளம்பினால் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அவர் ஃபேனைப் பார்ப்பார். நான் மெயிலைப் பார்ப்பேன்.

அப்போதுதான் இந்த கேம். கூடப் படித்தவள் ஒருத்தி தன் கணக்கைக் கொடுத்தாள். சுட்டுத் தள்ளுகிற கேம் இல்லை, அக்கா. கதை. தொடர்கதை மாதிரி ஐந்து பாகம், ஒவ்வொன்றாக வெளியிடுவார்கள். வரைந்த படங்கள்தான், அதனால் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப்பிலேயே ஓடியது. பனி விழுகிற ஒரு மலையூர். ஏரி, ஏரிக்கு மேலே ஒரு சுரங்கம். ஒரு நாள் சுரங்கத்துத் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடுகிறது. இங்க்ரிட் என்று ஒரு நர்ஸ், பல வருஷம் கழித்து அந்த ஊருக்குத் திரும்பி வருகிறாள். நாம்தான் இங்க்ரிட். அவள் யாரிடம் என்ன பேச வேண்டும், யாரை நம்ப வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பாகத்தில் நாம் செய்வதை அடுத்த பாகம் நினைவு வைத்திருக்கும்.

நான் தனியாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது நாள் அப்பா கேட்டார், "என்ன பாப்பா, அந்தப் பிள்ளை ஏன் அப்படி முழிக்கிது?" எல்லாம் ஆங்கிலம். அப்பா தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். எண்கள் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். மூன்றாவது நாள் லேப்டாப் அவர் வயிற்றுமேல் இருந்தது.

அவருடைய கருத்துகளை எழுதிப் போட்டிருந்தால் பதினாறு பேர் இல்லை, பதினாறாயிரம் பேர் அழுத்தியிருப்பார்கள். இங்க்ரிட் அவர் வாயில் இந்திரா. படகுக்காரன் ஓட்டோ, ஆட்டோ. "இந்த ஆட்டோ நல்ல பய பாப்பா. படகக் கட்டுற விதத்தப் பாரு, அவசரமா வந்தாலும் ரெண்டு முடிச்சுப் போடுறான். முடிச்சுப் போடுறவன நம்பலாம்." அந்த ஊர் வண்டிக்காரர்களை அவருக்குப் பிடிக்காது. "பனியில இப்படியாடா திருப்புவ, கூறுகெட்டவனே." ஒவ்வொரு பாகமும் முக்கியமான இடத்தில் முடியும். "ஸ்டாப்புல நிப்பாட்டாம நடுக்காட்டுல இறக்கிவிட்டுப் போறானுக. நான் இப்படி ஓட்டியிருந்தா ஜனம் அடிச்சிருக்கும்." அம்மா ஷிப்ட் முடிந்து வந்து ஒரு பார்வை பார்ப்பார்கள். "இந்தப் பொம்பள இத்தன நாளா ஒரே கோட்டத்தான் போட்டுட்டுத் திரியுறா. ஒரு நாளாச்சும் துவைச்சாளா?" அப்பா சொல்வார், "ஊரே வெள்ளத்துல கிடக்கு, ஒனக்குத் துணி துவைக்கணும்."

இன்னொன்று சொல்ல வேண்டும். இங்க்ரிட்டுக்கு நாலு குணம் உண்டு. துணிச்சல், பேச்சு, பொறுமை, கைவேலை. போகப் போகப் புள்ளிகள் கிடைக்கும், எதில் போடுவது என்று நாம் முடிவு செய்யலாம். நான் பிரித்துப் போடலாம் என்றேன். எதற்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டும், பாதுகாப்பு. அப்பா எல்லாவற்றையும் துணிச்சலில் போடச் சொன்னார். ஒன்றுகூட மிச்சமில்லாமல்.

அப்புறம் அந்தக் கோடு. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் திரையின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு வரும். குறைந்துகொண்டே போகும். அது தீர்வதற்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால், இங்க்ரிட் பேசாமல் இருந்ததாகக் கணக்கு. பேசாமல் இருந்ததும் ஒரு பதில்தான், அதற்கும் பலன் வரும். எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தாலே கை வியர்த்துவிடும். அப்பாவுக்கு அது பாதி குறைவதற்குள் வாயிலிருந்து பதில் வந்துவிடும். "எப்படிப்பா உடனே சொல்ற?" என்று கேட்டேன். "ஸ்டியரிங்ல உக்காந்தவனுக்கு ஏது பாப்பா நேரம்? கண்ணு பாக்கும், கை செஞ்சிரும். அப்புறம் அதுதான் சரி." அப்புறம் அதுதான் சரி. அந்த நிம்மதி எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடவே மூன்று பேரிடம் காட்டி, எந்தப் பெட்டியில் டிக் அடிப்பது என்று கேட்டுத்தான் அடித்தேன்.

இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஊர்க் கூட்டம். அதற்கு முன்னால் ஓட்டோ இங்க்ரிட்டிடம் ஒரு ரகசியம் சொல்லியிருந்தான். தண்ணீர் தானாக வரவில்லை, சுரங்கத்து ஆட்கள் மதகைத் திறந்ததைத் தன் கண்ணால் பார்த்தேன் என்று. கூட்டத்தில் இங்க்ரிட்டைப் பார்த்து, உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கிறார்கள். கோடு குறைகிறது. அப்பா கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "சொல்லிரு! எல்லார் முன்னாடியும் சொல்லிரு, இந்திரா!" நான் அழுத்தினேன். பாகம் முடிந்தது. முடிந்ததும் ஒரு பட்டியல் காட்டுவார்கள், உலகத்தில் மற்றவர்கள் என்ன தேர்ந்தெடுத்தார்கள் என்று. நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர்தான் பேசியிருந்தார்கள். அறுபத்தெட்டுப் பேர் பேசவில்லை.

"முப்பத்திரண்டா?" என்றார் அப்பா. "பரவாயில்ல. ஒரு வண்டி நிறைய ஆளு தேறும்." அன்று இரவு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் வலி மாத்திரை போட்டுத் தூங்கினார். நான் இதே பக்கத்தைத் திறந்து கருத்துகளைப் படித்தேன். அடுத்த பாகம் வர மாதம் ஒன்றுக்குமேல் இருந்தது. ஆனாலும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். கூட்டத்தில் பேசியவர்கள் ஓட்டோவை இழப்பார்கள், இது நிச்சயம், அறிகுறி தெரிகிறது, பேசாமலிருப்பதே சரியான பதில் என்று. படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தார்கள். நான் சொந்த அறிவை நம்பிப் பரீட்சை எழுதியவள் இல்லை, அக்கா. வெளியே வந்து நாலு பேரிடம் கேட்டால்தான் நான் எழுதியது சரியா என்று தெரியும். நாலு பேர் இல்லை, அங்கே நானூறு பேர் சொன்னார்கள்.

ஓட்டோ செத்தால் அப்பா தாங்க மாட்டார் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் கேம் சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து திரும்பத் திறந்தேன். கூட்டம் வந்தது. கோடு வந்தது. நான் எதையும் அழுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கோடு தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் செய்தேன். எழுந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். எழுந்ததும் அப்பா, "ஆட்டோகிட்ட நம்ம பேசுனது தெரிஞ்சிருக்குமா பாப்பா?" என்றார் சிரித்துக்கொண்டே. சரி, மூன்றாம் பாகம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்சம் இருங்கள், ஷட்டரை இறக்கிவிடுகிறேன். வெயில் உங்கள்மேல் விழுகிறது.

மூன்றாம் பாகம் வந்தது. ஊரில் ஒருவருக்கும் மதகு விஷயம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இங்க்ரிட் சொல்லவில்லையே. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "நம்மதான் சொல்லிட்டோமே பாப்பா. ஏன் இவனுக ஒண்ணும் தெரியாத மாதிரியே பேசுறானுக?"

"அவங்க நம்பலப்பா" என்றேன்.

வாயில் வந்துவிட்டது.  அப்பா, "உண்மையச் சொன்னா நம்ப மாட்டானுகளோ" என்று மட்டும் சொன்னார். இதைப் பொய் என்று நீங்கள் சொல்லலாம். நான் மொழிபெயர்ப்பு என்று நினைத்தேன்.

நாலாம் பாகம் சித்திரையில். அதற்குள் வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்க ஆரம்பித்திருந்தார். அந்தப் பாகத்தில் ஓட்டோ தனியாக மதகுக்குப் போகிறான். ஊரில் யாருக்கும் தெரியாது, உதவிக்கும் ஆள் இல்லை. இரண்டு முடிச்சுப் போட்டுத்தான் படகைக் கட்டினான். தண்ணீர் வந்துவிட்டது. படகு மட்டும் கட்டின இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதைத்தான் காட்டினார்கள், அவனைக் காட்டவே இல்லை.

பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. 'நீ பேசாமல் இருந்ததால் ஓட்டோ தனியாகப் போனான்.' ஆங்கிலத்தில்தான்.

"என்ன எழுதியிருக்கு பாப்பா?"

"ஓட்டோ இறந்துட்டான்னு எழுதியிருக்குப்பா."

"அது தெரியுது. வரி பெருசா இருக்கே."

நான் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். பட்டியல் வந்தது. ஓட்டோவை இழந்தவர்கள் நூற்றுக்கு அறுபத்தெட்டு. நான் மறந்தே போனேன், அவருக்கு எண் தெரியும் என்பதை. பத்தொன்பது வருஷம் நிமிஷக் கணக்கில் வண்டி எடுத்தவர்.

"அறுபத்தெட்டா? நம்ம முப்பத்திரண்டுல்ல?"

"இது வேற கணக்குப்பா."

என்னையே பார்த்தார். பிறகு கேட்டார். "நம்ம கூட்டத்துல வாயத் தொறந்ததுனாலதான அவனக் குறி வச்சுட்டானுக?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளினார். "என் வாயாலதான் போனான்" என்றார்.

அன்றைக்கே நான் இந்தப் பக்கத்தில் பார்த்தேன். கூட்டத்தில் பேசியவர்களுக்கு ஓட்டோ பிழைத்திருக்கிறான். ஊர் மொத்தமும் அவனோடு மதகுக்குப் போயிருக்கிறது. அம்புக்குறி போட்டவர்கள் எல்லாம், நாங்கள் ஊகித்தது தப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பாகத்துக்கு ஊகம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. அந்தக் கோபத்தில்தான் என் கருத்தை எழுதினேன். கதை சொல்கிறவர்கள் விளையாடுகிறவர்களை ஏமாற்றக்கூடாது, என்ன தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே நேர்மையாக ஒரு குறிப்பாவது தர வேண்டும் என்று. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தேன். ஓவியத்துக்காக ஒன்று, இசைக்காக ஒன்று. நியாயமாகத்தான் எழுதியிருக்கிறேன், படித்துப் பாருங்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? பரவாயில்லை.

அதற்கப்புறம் அப்பா மாறிவிட்டார். ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. சாம்பாரா ரசமா என்று அம்மா கேட்டால், "பாப்பாவக் கேளு" என்பார். அம்மா, "ஒன் வாயிக்குச் சோறு திங்கிறதுக்கு அவளக் கேக்கணுமா?" என்று திட்டுவார்கள். சிரிக்க மாட்டார். ஒரு நாள் வாக்கரோடு வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, அன்னைக்கு பிரேக் போட்டிருக்கணுமோ?" என்றார்.

"பதினஞ்சு அடிலயாப்பா? கண்டக்டர் அண்ணன் சொன்னாருல்ல."

"அவன் பின்னால நின்னவன். அவனுக்கு என்ன தெரியும்?"

மறுநாள், "பூக்காரம்மா இப்ப கட்டுறது பாதிப் பூவுதானாம்" என்றார். அதற்கு மறுநாள், "கண்ணு பாக்கும் கை செய்யும்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். கை செஞ்சதெல்லாம் சரியாயிருமா?" என்றார். ஒரு கேமால் ஒரு மனிதர் இப்படி ஆவாரா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். கால் வலியாக இருக்கும், படுத்தே கிடப்பதால் இருக்கும் என்று நினைத்தேன். டாக்டரிடம்கூடக் கேட்டேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பிறகுதான் நோட்டீஸ் வந்தது. உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டு. நான் வாசித்துக் காட்டினேன். ஒரு சொல் மாற்றாமல் வாசித்தேன், அக்கா.

நேற்றுச் சாயங்காலம் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே ஆரம்பித்தது. எந்த ஆபீஸுக்கு எது எழுத வேண்டுமென்றாலும் அப்பா முதலில் வெள்ளைத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒன்று இல்லை, இரண்டு தாளில். "ஒண்ணு தப்பாயிருச்சுன்னா இன்னொண்ணு இருக்கட்டும். நீ பாத்து எழுதிக்கோ, பாப்பா. படிச்ச பிள்ளைக்குத் தெரியாததா?" ரேஷன் கார்டு, கேஸ், என் கல்லூரி விண்ணப்பம், எல்லாம் அப்படித்தான். என்ன எழுதினேன் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நேற்றும் இரண்டு தாளில் போட்டார். ஆனால் வழக்கமில்லாமல், "நான் சொல்றேன், நீ எழுது" என்றார்.

"பிரேக் போட்டிருந்தா வண்டி நின்னிருக்கும். நான் யோசிக்காம ஒடிச்சிட்டேன். என் அவசரத்தால ஒரு அம்மாவுக்குக் கை போச்சு. நீங்க என்ன செஞ்சாலும் எனக்குச் சம்மதம்."

"அப்பா, அப்படி எழுதக்கூடாதுப்பா."

"எழுது பாப்பா. நான் எடுத்த முடிவு எது விளங்குச்சு?"

எழுதினேன். அதுதான் இந்தத் தாள். இன்னொன்று இதோ, காலி. அடியில் குருவையா என்று மட்டும் இருக்கிறது. கடைசி 'யா'வுக்கு எப்போதும் காலை நீட்டிவிடுவார்.

தெரியும் அக்கா, நீங்கள் சொல்வது சரிதான். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்தது. அப்பா சொன்னபடி விட்டிருந்தால் ஓட்டோ பிழைத்திருப்பான், நான்தான் மாற்றினேன் என்று. சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை நான்தான் வாசித்தேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போது அதில் என்ன இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை ராத்திரி என்று நான்தான் சொல்கிறேன். இந்த ஒன்றை மாற்றிச் சொன்னேன் என்று தெரிந்தால், அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். எதை நம்புவார்? அவருக்கு வாசிக்க வேறு கண் எது? அம்மாவுக்கும் நான்தான் வாசிக்கிறேன்.

இப்போதே போன் செய்யச் சொல்கிறீர்களா? பஸ்ஸிலா? சத்தமாக இருக்கிறதே.

சரி. செய்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுகிறேன். இதற்குமுன் இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன்.

அடிக்கிறது.

"சொல்லு பாப்பா. எறங்கிட்டியா?"

...

"பாப்பா? கேக்குதா?"

...

"சத்தத்தையே காணோம். டவர் இல்ல போல. சரி, ஒனக்குக் கேட்டாக் கேளு. லேப்டாப்புல டிங்குனு ஒரு பொட்டி வந்திருக்கு. அஞ்சுன்னு போட்டிருக்கு. அஞ்சாவது பாகம்தான? நீ வா, பாப்போம். இந்தத் தடவ எல்லாத்தையும் நீயே அமுக்கு, நான் வாயத் தொறக்க மாட்டேன். அப்புறம், அந்தத் தாளக் குடுத்துரு, என்ன? யோசிச்சிட்டு நிக்காத. இனி நான் ஸ்டியரிங்கத் தொடுறதா இல்ல. ஹலோ... பாப்பா... வைக்கிறேன்."

கேட்டீர்களா? ஸ்பீக்கரில்தான் போட்டேன், நீங்களும் கேட்கட்டும் என்று. நான் ஆரம்பிக்கப் போனேன் அக்கா, அதற்குள் வைத்துவிட்டார். உண்மையாகவே டவர் இல்லை என்று நினைத்திருப்பார். திரும்பக் கூப்பிடலாம். ஆனால் இப்போது சொன்னால், தனியாக இருக்கிறார், அம்மாவும் இன்றைக்குக் காலை ஷிப்ட். வேண்டாம்.

அடுத்த ஸ்டாப்பா? இவ்வளவு சீக்கிரமா?

அக்கா, உங்களிடம் பேனா இருக்கிறதா? நீலம்தான் வேண்டும், அப்பா கையெழுத்து நீலத்தில் இருக்கிறது. நன்றி. இந்தப் பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், மடியில் வைத்து எழுதிவிடுகிறேன். வண்டி ஆடுகிறது, பரவாயில்லை, மேலே எழுதியது யார் என்று அவர்கள் பார்க்கப் போவதில்லை.

'பிள்ளை குறுக்கே வந்தது. ஒடித்தேன். பிள்ளை இருக்கிறது.'

பாருங்கள், இதில் என் சொல் ஒன்றுகூட இல்லை. முதல் நாள் அப்பா தன் வாயால் சொன்னது. இதை மாற்றியது என்று சொல்ல முடியாது, இல்லையா? அவர் சொன்னதைத்தானே எழுதுகிறேன். 'வேற என்ன சார் வேணும்' என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன், அது ஆபீஸுக்குச் சரிவராது. நேற்று எழுதிய தாளைக் கிழிக்க மாட்டேன், பத்திரமாக வைத்திருப்பேன். எதைக் கொடுத்தாய் என்று அவர் கேட்க மாட்டார். கேட்டதே இல்லை.

வருகிறேன் அக்கா. பேனா, இந்தாருங்கள். நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். சொல்லாமல் இருந்துவிடுவேனா? இன்றைக்கு மத்தியானம் அவரோடு உட்கார்ந்து அதைப் பார்த்துவிடுகிறேன். ஐந்தாம் பாகம் முடிந்ததும் கட்டாயம் சொல்லிவிடுவேன்.